கைகளுக்குப் பாடம் சொன்ன டாக்டர்

குழந்தைகளே! முதன்முதலில் எழுதப் பழகியபோது, தட்டில் பரப்பிய அரிசியில் உங்கள் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தார்களே, நினைவிருக்கிறதா? விரல் தொட்டுப் பழகிய எழுத்து மனதில் நன்றாகப் பதியும். விரல்கள் வழியாகவும் அறிவு வளரும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் ஒரு பெண் டாக்டர். அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி, இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். அந்தக் காலத்தில் படித்த பெண்களுக்கு ஆசிரியர் வேலைதான் ஏற்றது என்பார்கள். அப்பாவின் விருப்பமும் அதுவே. ஆனால் மரியா மருத்துவம் படிக்க விரும்பினார். அம்மா அவருக்குத் துணை நின்றார்.

கல்லூரியில் வேறொரு சிக்கல். ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்றார்கள். அதனால் மற்ற மாணவர்கள் போன பிறகு, பிணவறையில் தனியாக நின்று படித்தார். 1896இல் டாக்டர் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரானார்.

அதன்பின் ரோம் நகரில் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அங்கேதான் அவர் மனதை உலுக்கிய காட்சியைக் கண்டார். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய சிறுவர் சிறுமியரை, மனநோயுள்ள பெரியவர்களோடு சேர்த்துக் காப்பகத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். விளையாட ஒரு பொம்மை கிடையாது; கையில் பிடிக்க ஒரு பொருள் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுப்பார்களாம். பேராசை என்று காப்பகப் பணியாள் முகம் சுளித்தார். மரியாவுக்கோ வேறொன்று புரிந்தது. அந்தக் கைகளுக்குத் தொட்டுப் பார்க்க வேறு எதுவுமே இல்லை! அவர்கள் வயிற்றில் இருந்த பசியைவிட அறிவில் இருந்த பசி பெரிது என்று உணர்ந்தார்.

இந்தக் குழந்தைகளுக்கு மருந்தை விட, ஏற்ற கல்விதான் தேவை என்று மரியா முடிவு செய்தார். இத்தார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் அவருக்கு முன்பே இந்தத் துறையில் உழைத்திருந்தார்கள். அவர்களுடைய நூல்களை, பக்கம் பக்கமாகத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார்.

1900இல் ரோமில் இத்தகைய குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு, அவரும் ஒரு தலைவரானார். காலை முதல் மாலை வரை பிள்ளைகளோடு இருப்பார், இரவில் குறிப்பெழுதுவார். அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் தையல் வரவில்லை. மரியா அவளைத் திட்டவில்லை. ஊசியை வாங்கி வைத்துவிட்டு, காகிதப் பட்டைகளால் பாய் பின்னக் கொடுத்தார். மேலும் கீழுமாகப் பின்னிப் பின்னி விரல்கள் பழகின. பிறகு ஊசியைக் கொடுத்தால், அழகாகத் தைக்கிறாள்! கடினமான வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்பதை மரியா கண்டுகொண்டார்.

எழுத்துகளை மரத்தில் செதுக்கி, பிள்ளைகளை விரலால் தடவ வைத்தார். எதையும் கற்க முடியாது என்று ஒதுக்கப்பட்ட அவர்களில் சிலர், பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். எல்லோரும் அதிசயம் என்று பாராட்டினார்கள். மரியாவோ, சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஏன் இன்னும் உயரவில்லை என்று யோசித்தார்!

அதற்கு விடையாக, 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. மர எழுத்து செய்யப் பணம் போதவில்லை. மரியா சளைக்கவில்லை, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். அங்கே பெற்றோருக்கும் ஒரு விதி இருந்தது. அம்மாக்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது ஆசிரியையிடம் வந்து, பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். வீடும் பள்ளியும் கைகோத்தால்தான் குழந்தை வளரும் என்பது மரியாவின் நம்பிக்கை.

நம் சென்னைக்கும் அவர் வந்தார், தெரியுமா? 1939இல் மகன் மரியோவுடன் அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. மரியாவின் 70ஆவது பிறந்த நாளையொட்டி மகனை விடுவித்தார்கள். கொடைக்கானலிலும் சில காலம் தங்கிய மரியா, 1946இல் ஐரோப்பா திரும்பினார். 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தில் காலமானார்.

குழந்தைகளே! பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைகள், எழுத்துகளை மாற்றி எழுதும் பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நம் தெருவிலும் வகுப்பிலும் இருக்கிறார்கள். இது யாருடைய பாவமும் அல்ல. பெற்றோரின் தவறும் அல்ல. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. சீக்கிரமே கண்டறிந்து, ஏற்ற பயிற்சி கொடுத்தால் அவர்கள் நிச்சயம் முன்னேறுவார்கள். அவர்களுக்குக் கல்வி உரிமை உண்டு என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

இதை உங்கள் அம்மா அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். வகுப்பில் யாராவது மெதுவாகப் படித்தால், கேலி செய்யாதீர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகச் சொல்லிக் கொடுங்கள். மரியா செய்ததும் அதைத்தான்!