மூன்று முறை தட்டப்பட்ட கதவு

1890ஆம் ஆண்டு. திண்டிவனத்தில் மருத்துவப் பணி செய்துவந்த ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவு ஓரிரவில் மூன்று முறை தட்டப்பட்டது. அந்தணர் ஒருவர், இசுலாமியர் ஒருவர், மற்றுமோர் இந்து என மூவர், ஒருவரையொருவர் அறியாமலே அடுத்தடுத்து வந்தனர். மூவரின் மனைவியரும் மகப்பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். கதவைத் திறந்த இளம்பெண் ஐடா, மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாகக் கூறினார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்வதை அவர்கள் ஏற்கவில்லை, ஐடாவையே அழைத்தனர். அவரோ மருத்துவம் கற்றவர் அல்லர். வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். பொழுது விடிந்தபோது சாவுப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, சிறுவயதில் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டவர். தாத்தா, தந்தை வழிவந்த சமயப்பணியைத் தாம் ஏற்பதில்லை என்று உறுதிகொண்டு அமெரிக்காவில் படித்துவந்தார். நோயுற்ற தாயைக் கவனிக்கவே திண்டிவனம் வந்திருந்தார். அவ்விரவின் பழியை ஊர் வழக்கத்தின்மீது சுமத்திவிட்டு அவர் கப்பலேறியிருக்கலாம்; குறை கூற எவரும் இருந்திருக்கமாட்டார். ஆனால், கற்றறிந்த பெண் மருத்துவர் இல்லாமையே அம்மூவரின் சாவுக்குக் காரணம் எனக் கண்ட அவர், அக்குறையைத் தாமே நீக்கத் துணிந்தார்.

கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களில் தந்தை இறந்தார். உடனிருந்து கற்பிப்பார் என நம்பியிருந்த துணை அகன்றது. தொடக்கத்தில் நோயாளிகளும் எளிதில் வரவில்லை. ஒற்றைப் படுக்கையுடன் பணி தொடங்கியது. சமையற்காரரின் மனைவி சலோமி உதவியாளரானார். நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக வழங்கிய பத்தாயிரம் டாலரைக் கொண்டு 1902இல் மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் செல்லும் சாலையோர மர நிழல்களிலும் அவர் மருத்துவம் பார்த்தார்.

தம் ஒருவரின் கைகள் எத்தனை வீடுகளை எட்டும்? இவ்வினாவே அவரை ஆசிரியராக்கியது. 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் மருத்துவம் பயில முன்வருவார்களா என ஐயுற்றோர் பலர். முதலாண்டுத் தேர்வு எழுதிய மாணவியர் அனைவரும் தேர்ச்சி பெற்றனர்.

பின்னாளில் மருத்துவக் கல்வியைப் பட்டப்படிப்பாக உயர்த்த அரசு ஆணையிட்டபோது, பள்ளியே மூடப்படும் நிலை உருவானது. ஓய்வு கொள்ள வேண்டிய எழுபதாம் வயதில் ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். பெண்களுக்கென்றே உருவாக்கிய நிறுவனத்தில் ஆடவரையும் சேர்ப்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. எனினும் கல்லூரி நிலைபெற வேண்டுமென அதற்கு இசைந்தார். 1947இல் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். 1960 மே 24 அன்று கோடைக்கானலில் அவர் மறைந்தபோது, வேலூரில் கற்ற பெண் மருத்துவர்கள் பல ஊர்களில் மகப்பேறு பார்த்துக்கொண்டிருந்தனர்.