தாய்மாரின் உணவுத் தட்டை ஆராய்ந்த வைத்தியர் லூசி வில்ஸ்

மனித உடலுக்கு உணவிலிருந்து கிடைக்க வேண்டிய போசணைக் கூறுகள் பல. காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு ஆகியன நாளாந்தம் கிராம் கணக்கில் தேவைப்படுகின்றன. விற்றமின்களும் கனியுப்புக்களும் அவ்வாறல்ல. அவற்றுள் சில, ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோகிராம் கணக்கிலேயே வேண்டப்படுகின்றன. ஆயினும் அச்சிறு கூறு கிட்டாது போனால், வயிறு நிறைய உண்பவரும் நோயாளியாவார். இவ்வுண்மையை ஏழைத் தாய்மாரின் உணவுத் தட்டிலிருந்து கண்டறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வைத்தியர் லூசி வில்ஸ்.

1888 மே 10 ஆம் திகதி பர்மிங்ஹாம் நகருக்கு அண்மையில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று 1911 இல் தேறினார். பெண்கள் பரீட்சையில் தேறினாலும் அவர்களுக்கு முழுமையான பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் அக்காலத்தில் முன்வரவில்லை. 1913 இல் தாயுடன் அவர் இலங்கைக்கும் வந்து சென்றார். முதலாம் உலகப் போர் மூண்டபோது தென்னாபிரிக்காவில் தாதியர் பணியில் தொண்டராகச் சேர்ந்த அனுபவமே அவரை மருத்துவத்தின்பால் திருப்பியது. இலண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1920 இல் வைத்தியரானார்.

1928 இல் அவர் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். அங்கு கர்ப்பிணித் தாய்மார் பலர் கடுமையான குருதிச்சோகையால் மடிந்துகொண்டிருந்தனர். இரும்புச்சத்துக் குறைவால் ஏற்படும் சோகையில் செங்குருதிக் கலங்கள் சிறுத்திருக்கும். இவர்களுடைய குருதியிலோ அவை இயல்பை விடப் பருத்துக் காணப்பட்டன. காரணம் ஏதேனும் கிருமியா என முதலில் தேடிய லூசி வில்ஸ், பின்னர் அப்பெண்கள் என்ன உண்கின்றனர், எங்கு வாழ்கின்றனர் என ஆராயத் தொடங்கினார். புடைவை ஆலைகளை அண்டி வாழ்ந்த ஏழைகளிடையே, அதிலும் வறிய முஸ்லிம் பெண்களிடையே, இந்நோய் மிகுந்திருந்தது. அவர்களுடைய உணவில் புரதமும் கீரையும் பழமும் அரிதாகவே இருந்தன. வசதியான குடும்பத்துப் பெண்களை இந்நோய் பெரிதும் அண்டவில்லை.

தமிழகத்தின் குன்னூரிலிருந்த பஸ்தேர் நிறுவகத்திலும் அவரது ஆய்வு தொடர்ந்தது. நோயாளிகள் உண்ட அதே வகை உணவை ஆய்வுகூட விலங்குகளுக்கு அளித்து விளைவை அவதானித்தார். 1931 இல் சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் அன்றைய கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். அது பர்தா முறையைப் பேணிய பெண்கள் தயக்கமின்றிச் சிகிச்சை பெற்ற இடம். ஈரல் சாறு இந்நோயைத் தணித்த போதிலும் அதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. மலிவான மாற்றைத் தேடிய லூசி வில்ஸ், மதுவத்திலிருந்து தயாரிக்கப்படும் மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் வியக்கத்தக்க வகையில் தேறினர். அதே ஆண்டில் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரை மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது.

எமது நாட்டிலும் மார்மைட் உயிர்காக்க உதவிய வரலாறு உண்டு. ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைப் பலிகொண்ட 1934-35 மலேரியாத் தொற்றின்போது, சூரியமல் இயக்கத் தொண்டர்கள் போசாக்கின்றி வாடிய கிராம மக்களுக்கு அதனை வழங்கினர்.

மார்மைட்டில் இருந்த அந்த மருந்து யாது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. வில்ஸ் காரணி என்றே அது அழைக்கப்பட்டது. 1941 இல் பசளிக் கீரை வகையொன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945 இல் ஆந்திராவில் பிறந்து சென்னையில் மருத்துவம் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு அதனைச் செயற்கையாகத் தயாரித்தது. கலங்கள் பெருகுவதற்கு இன்றியமையாத இந்த விற்றமின், கருத்தரிக்கும் காலத்தில் போதியளவு கிடைத்தால் சிசுவின் முள்ளந்தண்டுக் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கும் என்பது 1991 இல் நிரூபிக்கப்பட்டது.

லூசி வில்ஸ் திருமணம் செய்யவில்லை. 1947 இல் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் பல நாடுகளில் போசாக்கு ஆய்வைத் தொடர்ந்தார். 1964 ஏப்ரல் 16 ஆம் திகதி காலமானார்.

அவரது கண்டுபிடிப்பின் பயன் இன்று எமது கிராமங்கள் வரை எட்டியிருக்கிறது. மாத்தளை மாவட்டத்தின் லக்கல போன்ற மலைசூழ்ந்த பிரதேசத்தில் வாழும் தாயும் கர்ப்பிணிச் சிகிச்சை நிலையத்தில் போலிக் அமில மாத்திரையை இலவசமாகப் பெறுகிறார். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவான இச்சத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே பெறுதல் வேண்டும். சிசுவின் நரம்புக் குழாய் கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கர்ப்பமுற்றிருப்பதையே அப்போது அறிந்திருக்க மாட்டார்கள்.

மாத்திரையோடு பணி முடிவதில்லை. கீரை, பயறு, பருப்பு, கௌபி ஆகியவற்றில் இச்சத்து இயல்பாகவே உண்டு. நீண்ட நேரம் அவித்தால் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும். வீட்டில் எல்லோரும் உண்ட பின்னர் எஞ்சிய சோற்றையும் குழம்பையும் தாய் உண்ணும் வழக்கம் எம்மிடையே இன்னும் மறையவில்லை. அவளது தட்டிலும் ஒரு கைப்பிடி கீரையும் சிறிது பயறும் இடம்பெறச் செய்வது அக்குடும்பத்தின் கடமையாகும்.