தலைகீழாப் பிடிச்ச கிட்டார்

பெரிய மியூசிக் ஸ்டோர் எதுக்காவது போனா, சுவத்துல தொங்குற கிட்டார்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க. இடதுகைக்காரங்களுக்குன்னு ஒண்ணு ரெண்டு இருந்தா அதிசயம். நீங்களும் நொட்டாங்கை கேஸ்னா, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உங்க ஆளு.

1942-ல் சியாட்டிலில் பிறந்தவர். அப்பாவோட பழைய சாமான் அள்ளப் போன இடத்துல ஒத்தைக் கம்பி உக்குலேலே ஒண்ணு கிடைச்சது. 1958-ல் 5 டாலருக்கு ஒரு பழைய கிட்டார். அப்புறம் ராணுவம், 1962-ல் அங்கிருந்து வெளியே வந்து, ஊர் ஊரா மத்தவங்க பின்னாடி நின்னு வாசிச்சார்.

புகழ் வந்த பிறகும் பெரும்பாலும் வலதுகை ஸ்ட்ராடோகாஸ்டர்தான். தலைகீழாத் திருப்பி, கம்பிகளை வரிசை மாத்திக் கட்டிக்குவார். வால்யூம் குமிழ் மேல் பக்கம் வந்துடும். நமக்குப் பிடிச்ச விஷயம் வேற: பிரிட்ஜ் பக்கம் சாய்வா இருக்கற பிக்கப்பும் கூடவே திரும்பிடும். தடிக் கம்பிகளின் ஒலி கூர்மையாகும், மெல்லிய கம்பிகளின் ஒலி மென்மையாகும்.

1967-ல் மான்டரே மேடையில் கிட்டாரையே கொளுத்தினார் (ஹாஸ்டல்ல வேண்டாம்). 1970 செப்டம்பர் 18, லண்டனில் இறந்தபோது வயசு 27.

பின்னாளில் ஃபெண்டர் கம்பெனி அந்தப் பிக்கப்பை வேணும்னே திருப்பி வச்சு, அவர் பேரில் ஒரு மாடல் வித்தது. வலதுகைக்காரங்களுக்கு.