போட்டோவில் விழாத வள்ளலார்

இடுப்பில் வெள்ளை வேட்டி. தலையையும் தோளையும் மூடிய வெள்ளை முக்காடு. சாந்தமான முகம்.

வடலூர் வள்ளலாரின் இந்தப் படத்தைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. 2007-ம் ஆண்டில் தபால் தலையிலும் அவர் உருவம் வந்தது. ஆனால் இது போட்டோ அல்ல, ஓவியர்கள் கைவண்ணம். இராமலிங்க அடிகளாரின் முகத்தைக் காட்டும் புகைப்படம் ஒன்றுகூட இல்லை!

அவர் காலத்தில் போட்டோ இல்லையா என்றால், இருந்தது. 1839-ல் பிரான்ஸ் நாட்டில் வெளியான அந்தக் கலை, 1850-களில் சென்னைக்கு வந்துவிட்டது. 1856-ல் சென்னையில் அதற்கு ஒரு சங்கமே ஏற்பட்டது. தென்னாட்டுக் கோபுரங்களும் கோட்டைகளும் கண்ணாடித் தகட்டிலும் காகிதத்திலும் பதிவாயின. அடிகளார் அப்போது முப்பது வயதைக் கடந்தவர்.

பிறகு அவர் முகம் மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

மருதூர்ப் பிள்ளை

சிதம்பரத்துக்கு அருகில் உள்ள மருதூரில் 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி இராமலிங்கர் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். தாய் சின்னம்மை. ஐந்தாவது குழந்தை இவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை காலமானார். குடும்பம் பொன்னேரிப் பக்கம் போய், பின்பு சென்னையில் குடியேறியது.

அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பி படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. தம்பியோ பள்ளிக்கூடம் போகாமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் பாடிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. வீட்டில் சோறு போடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அண்ணியாருக்கு மனம் கேட்கவில்லை. கணவருக்குத் தெரியாமல் கொழுந்தனுக்குச் சோறு போட்டார்.

ஒருநாள் மாடி அறையில் தனியே படிப்பதாகச் சொல்லி, ஒரு கண்ணாடியும் விளக்கும் கேட்டு வாங்கினார் சிறுவர். படிக்கவில்லை. கண்ணாடியில் தெரியும் சுடரையே பார்த்தபடி இருந்தார். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி கொடுத்ததாக அடியார்கள் சொல்வார்கள்.

அணையாத அடுப்பு

1858-ல் சென்னையை விட்டுத் தென் ஆற்காடு சீமைக்குத் திரும்பினார். சிதம்பரம் நடராசரைத் தரிசித்தார். கருங்குழி கிராமத்தில் ரெட்டியார் ஒருவர் வீட்டில் தங்கினார். அங்கே ஒன்பது ஆண்டுகள் ஓடின. சிதம்பரத்துக்கு அடிக்கடி நடந்து போவார்.

1866-ம் ஆண்டில் பெரும் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். மறு ஆண்டு, மே 23-ந் தேதி, வடலூரில் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. ஊரார் தானமாகத் தந்த நிலத்தில், 21 அடி நீள அடுப்பில் அன்று தீ மூட்டினார்கள். சாதி, மதம் கேட்காமல் பசித்தவர் எல்லோருக்கும் சோறு. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது.

அதே 1867-ல் அவருடைய பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சாயின. புத்தகத்தில் பெயரோடு சாமி என்று சேர்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அடிகளார் கடிதம் எழுதித் தடுத்தார். அது ஆடம்பரமாகத் தோன்றுகிறதாம்! கையெழுத்துப் போடும்போது சிதம்பரம் இராமலிங்கம் என்றுதான் போடுவார். சாமி என்ற பட்டமே வேண்டாம் என்றவர், படத்துக்கு ஆசைப்பட்டிருப்பாரா?

ஆசை அன்பர்களுக்குத்தான்.

எட்டுத் தடவை

சென்னையில் மாசிலாமணி முதலியார் என்று ஒரு போட்டோக்காரர். அடிகளாரைப் படம் பிடிக்க அவரை ஏற்பாடு செய்தார்கள்.

அந்தக் காலத்தில் படம் பிடிப்பது பெரிய வேலை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் பெட்டியில் செருகிப் படம் எடுக்கவேண்டும். உடனே இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவவேண்டும். படம் எடுக்கும்போது எதிரில் இருப்பவர் அசையாமல் இருக்கவேண்டும்.

முதலியார் எட்டுத் தடவை முயன்றாராம். எட்டுத் தடவையும் தகட்டில் விழுந்தது வெள்ளைத் துணி மட்டும். முகமும் இல்லை, கையும் இல்லை!

ஒளியுடம்பு நிழலாக விழாது என்பது அன்பர்களின் நம்பிக்கை. விஷயம் தெரிந்த போட்டோக்காரர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். பழைய தகடுகளில் வெள்ளை பளிச்சென்று விழும்; மாநிறம் இருண்டுபோகும். முக்காட்டு நிழலும் சேர்ந்தால் கேட்கவேண்டாம். ஆனால் அதே மாதிரித் தகடுகளில் மாநிறத் தமிழர் எத்தனையோ பேர் முகம் நன்றாக விழுந்திருக்கிறதே!

பண்ருட்டிக் குயவர் ஒருவர் கதையும் உண்டு. அடிகளாரைப் போலவே மண்ணில் பொம்மை செய்து, ஆசையோடு கொண்டுவந்து நீட்டினார். பொன்னான உடம்பு மண்ணாகிவிட்டதே என்று வருந்திய அடிகளார், பொம்மையைக் கீழே போட்டுவிட்டாராம். குயவருக்கு எப்படி இருந்திருக்கும்!

எழுத்தில் ஒரு முகம்

போட்டோ தராததைச் சீடர் ஒருவரின் வாக்குமூலம் தருகிறது. தொழுவூர் வேலாயுத முதலியார், சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். பல ஆண்டு உடன் பழகியவர். 1882-ல் பிரம்மஞான சபையாரிடம் தம் குருவைப் பற்றிச் சொல்லி வைத்தார்.

நடுத்தர உயரம். எலும்பு தெரியும் மெலிவு. ஆனாலும் பலசாலி, நிமிர்ந்து, வேகமாக நடப்பார். மாநிறம். நேரான மெல்லிய மூக்கு. தீயைப் போல ஒளிவிடும் பெரிய கண்கள். முகத்தில் எப்போதும் ஒரு துயரம். நீண்ட தலைமுடி. உடுப்பு இரண்டு வெள்ளைத் துணிகள். சாமியார்கள் வழக்கத்துக்கு மாறாகக் காலில் செருப்பும் போடுவார்.

சுவரில் தொங்கும் படத்தின் சாந்தமும் இந்தத் துயரமும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் முகம் வேலாயுத முதலியார் சொன்னபடிதான் இருந்திருக்கும்.

1870-ல் அடிகளார் வடலூருக்கு அருகே மேட்டுக்குப்பம் போய்த் தங்கினார். 1872-ம் ஆண்டு தைப்பூசத்தில் வடலூரில் சத்திய ஞானசபையைத் திறந்தார். எண்கோண மண்டபம், உள்ளே விக்கிரகம் இல்லை. ஏழு திரைகளுக்குப் பின்னால் ஜோதி.

1874 ஜனவரி 30-ந் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. கலெக்டரும் தாசில்தாரும் வந்து பார்த்தபோது அறை காலியாக இருந்தது என்று சொல்லப்படுகிறது. 1906-ல் வெளியான சர்க்காரின் ஜில்லா கெஜட்டியரிலும் அவர் மறைந்த செய்தி ஏறியது.

ஆண்டுதோறும் தைப்பூசம் முடிந்ததும் வடலூரிலிருந்து மேட்டுக்குப்பத்துக்கு ஊர்வலம் போகிறது. அடிகளார் உபயோகித்த பொருள்கள் அடங்கிய பெட்டியும், ஓவியர் வரைந்த அவருடைய படமும் பல்லக்கில் போகும். அந்த அறையைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள்.