சங்கரதாஸ் சுவாமிகளும் எங்க தாத்தாவும்

(மூன்றாம் ஆண்டு, பீங்கான் தொழில்நுட்பம்)



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். விஞ்ஞானிகளைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் எழுத நம்மிடம் பலர் இருக்கிறார்கள். எனக்கு மனசில் வந்தவர் ஒரு நாடகக்காரர். அவர்தான் தூத்துக்குடி தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

நான் கருவேப்பிலங்குறிச்சிக்காரன். தினமும் விருத்தாசலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன். எங்க பக்கத்தில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. ஆனால் அம்மா பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே சித்திரைத் திருவிழா என்றால் மூணு ராத்திரி நாடகம். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி. வருஷா வருஷம் அதே மூணுதான்! பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தாத்தா வீட்டுக்குப் போய்விடுவேன். பாயையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு தாத்தாவோடு மேடைக்கு முன்னால் இடம் பிடிப்பதுதான் எனக்குக் கோடை விடுமுறை.

சின்ன வயதில் ஒருமுறை தாத்தாவிடம் இவங்க எங்கே ஒத்திகை பார்ப்பாங்க என்று கேட்டேன். ஒத்திகையே கிடையாது என்றார். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறு ஊர். சாயங்காலம் வந்து இறங்கித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடிப்பார்கள். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். முன்பின் பழகாதவர்கள் எப்படிச் சேர்ந்து நடிக்கிறார்கள்? எல்லோருக்கும் பாடம் ஒன்று. அது சுவாமிகள் பாடம்! தாத்தா அந்தப் பெயரைச் சொல்லும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.

சங்கரதாஸ் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளை, தாய் பேச்சியம்மாள். தந்தை இராமாயணத்தில் வல்லவர். அவரிடமும் பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் கற்றார். வெண்பாவும் சந்தப் பாட்டும் இளம் வயதிலேயே கைவந்தன. தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம். அந்த வேலையை உதறிவிட்டு 1891-இல், 24-ஆம் வயதில், நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கூத்தாடி என்றால் வாடகைக்கு வீடு கிடைக்காத காலம் அது!

இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் — இப்படிப்பட்ட பயங்கர வேஷங்களே அவருக்கு வாய்த்தன. எமனாக அவர் மேடையில் தோன்றியபோது பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்று சொல்வார்கள். சனீஸ்வரன் வேஷத்தைக் கழுவ விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, அவரைக் கண்ட ஒரு பெண் பயத்தில் உயிரை விட்டாள் என்றும் சொல்வார்கள். வேறொருவராக இருந்தால் இதையே தன் நடிப்புக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவரோ மனம் உடைந்து வேஷம் போடுவதையே விட்டார். துறவி போல் ஊர் ஊராகத் திரிந்தார். அதிலிருந்துதான் அவர் சுவாமிகள் ஆனார்.

அவரை மீட்டவர் புதுக்கோட்டையின் லய மேதை மான்பூண்டியா பிள்ளை. மகனைப் போல வைத்துக்கொண்டு, தாள நுட்பங்களைக் கற்றுக்கொடுத்து, மறுபடியும் நாடகத்துக்கு அனுப்பினார். ஆனால் இந்த முறை ஆசிரியராக!

அப்போது நாடகம் கட்டுப்பாடில்லாமல் இருந்தது. மேடையில் அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள், நினைத்ததைப் பாடினார்கள். சுவாமிகள் கதையை ஒழுங்குபடுத்தி, பாட்டும் வசனமுமாக எழுதிப் பாடமாக்கினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் நாட்டையே குரலால் கட்டிப்போட்ட எஸ்.ஜி. கிட்டப்பா அதில் பயின்றவர். பெரியவர்களைத் திருத்துவது கடினம் என்று கண்டு சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பிறந்தது. அதில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களில் சண்முகத்துக்கு அப்போது வயது 6. ஔவை சண்முகம் என்று பிற்காலத்தில் நாடே கொண்டாடியவர் அவரே! அந்தப் பிள்ளைகளுக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம். மொத்தம் 68 நாடகங்கள் எழுதியதாகச் சொல்கிறார்கள். பல நமக்குக் கிடைக்கவில்லை.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை, கால் விழுந்தன. பேச்சும் போயிற்று. ஆயிரக்கணக்கான பாட்டைக் கட்டிய வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை! அந்த நிலையிலும் கம்பெனியை விட்டுப் பிரியவில்லை. பிள்ளைகள் போன ஊருக்கெல்லாம் அவரும் போனார். தான் எழுதியதை அவர்கள் வாயால் கேட்டார். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நண்பர்களே, இந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. காரணம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்க தாத்தாவுக்கும் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. போன சித்திரைக்கு முன்னால் அங்கே ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாடகத்துக்குச் செலவு அதிகம், பார்க்க ஆளும் குறைச்சல், மூணு ராத்திரிக்கும் பாட்டுக் கச்சேரி வைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. வழக்கமாக இதற்கு முதல் ஆளாக எழுந்திருப்பவர் தாத்தாதான். அன்று நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த ஊர்க்காரன்கூட இல்லை, பேத்திவழி பேரனும் இல்லை, மகள் வயிற்றுப் பேரன். வரி கொடுக்கிற தலைக்கட்டும் கிடையாது. இருந்தாலும் எழுந்தேன். கால் நடுங்கியது. மேலே எழுதியதையெல்லாம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். நாடகத்தை விட்டால் தாத்தா எதற்காகத் திருவிழாவுக்கு வரணும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டம் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு ராத்திரி கச்சேரிக்குப் போனது. ஒரு ராத்திரி மட்டும் நாடகம் என்று முடிவாயிற்று. வள்ளி திருமணம்!

அந்த ராத்திரி சக்கர நாற்காலியில் தாத்தாவை முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் தாத்தாவின் உதடு அசைகிறது! சத்தம் இல்லை. ஆனால் மேடையில் பாடுகிற வரிக்கு ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் உதடு ஓடுகிறது. விடியும்வரை நான் மேடையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் பட்டறையில் பாரிஸ் சாந்து அச்சில் களிமண் கரைசலை ஊற்றி எடுக்கிறோம். அச்சு சரியாக இருந்தால் யார் ஊற்றினாலும் உருவம் வரும். ஆனால் அச்சை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டால்? சுவாமிகள் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்து வைத்த அச்சு இன்னும் உடையவில்லை. ஊற்றத்தான் ஆள் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு நடனங்களுக்கு நடுவே ஒரு அரைமணி நேரம் வள்ளி திருமணத்துக்கு ஒதுக்குங்கள். நாரதர் வேஷத்துக்கு நான் தயார். பாடம் சொல்லித்தர ஒரு பெரியவர் இருக்கிறார். தப்பாகப் பாடினால் இடது கையால் நாற்காலியைத் தட்டுவார்.