கரியில் பஸ் ஓட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்கார்



இந்த மாத இதழுக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு, தொழில் மேதை ஒருவரின் வாழ்க்கை. எடிசனை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன வருடம் மட்டும் நம்ம சுவரில் எடிசன் மூன்று தடவை வந்துவிட்டார். பாவம், அவருக்கும் ஓய்வு வேண்டும் இல்லையா? அதனால் நாம் தினமும் பார்க்கிற ஒரு பெயரை எடுத்துக்கொண்டேன்.

டி.வி.எஸ். என்றால் என்ன என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். வண்டி என்றார்கள். ஓசூர் கம்பெனி என்றார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்று ஒரே ஒருத்திதான் சொன்னாள். திருக்குறுங்குடி வெங்காரம் சுந்தரம் ஐயங்கார் என்பதன் சுருக்கம்தான் அந்த மூன்று எழுத்து.

அவர் 1877 மார்ச் 22-ல் திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். அப்பா ஆசைப்பட்டபடி வக்கீல் ஆனார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு பேங்கில் வேலை பார்த்தார். எதுவும் அவருக்குப் பிடித்து நிற்கவில்லை. நம்ம ஊரில் இப்படி ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தது. 1911-ல் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து, 1912-ல் பஸ் விட்டார். மதுரைதான் அவருடைய தலைமையிடம். மாட்டு வண்டியும் ஜட்காவும் ஓடின ரோட்டில் பஸ் என்பது அப்போது பெரிய அதிசயம். நேரம் தவறாமல் வரும் என்பதால் டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்களாம். மதுரைப் பக்கம் வயதானவர்கள் இன்னமும் இதைச் சொல்வதாக எங்கள் தமிழ் ஐயா சொன்னார்.

அவருடைய மகள் சௌந்தரம் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தக் கால வழக்கப்படி அவருக்கு மிகச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் டாக்டர். அவர் பிளேக் நோயில் இறந்துபோனார். விதவையான பெண்ணை ஒரு மூலையில் உட்கார வைத்த காலம் அது. ஆனால் சௌந்தரம் டில்லிக்குப் போய் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். 1940-ல் அவர் மறுமணம் செய்துகொள்ள நினைத்தபோது வீட்டில் சம்மதிக்கவில்லை. காந்தி முன்னால் நின்று நடத்தி வைத்தார். படிப்புக்கு வழிவிட்டவர் கல்யாணத்துக்கு ஏன் தடையாக நின்றார் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சௌந்தரம் அம்மாதான் 1947-ல் கணவர் ராமச்சந்திரனோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை ஆரம்பித்தவர். போன வருடம் எங்களோடு எட்டாவது படித்த இரண்டு பேர் இந்த வருடம் வரவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் இதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம்.

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அப்போது நமக்குப் பெட்ரோல் நிறைய பர்மாவிலிருந்துதான் வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. எதிரி கையில் கிடைக்கக் கூடாது என்று ஆங்கிலேயர்களே அங்கிருந்த எண்ணெய்க் கிணறுகளை உடைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். ராணுவத்துக்குப் போக மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. பஸ் வைத்திருந்தவர்கள் எல்லாரும் திண்டாடிப்போனார்கள். பஸ் நின்றால் டிரைவர், கண்டக்டர், கிளீனர் வீடுகளில் அடுப்பு எரியாது. சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் நடக்க வேண்டியதுதான்.

அப்போது சுந்தரம் ஐயங்காருக்கு 65 வயது. அந்த வயதில் அவர் வடிவமைத்துத் தயாரித்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட். பெட்ரோல் இல்லாமல், கரியிலிருந்து வாயு எடுத்து மோட்டார் வண்டியை ஓட்டுகிற சாதனம். உலகத்திலேயே முதலில் இதைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சில் ஜார்ஜ் இம்பெர்ட் என்பவர் 1920-களிலேயே விறகில் ஓடும் வண்டிக்கான உலையைச் செய்திருந்தார். போர்க்காலத்தில் ஐரோப்பாவில் பல லட்சம் வண்டிகள் அப்படித்தான் ஓடின. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காமல், நம்ம ஊர் பஸ்ஸுக்கும் நம்ம ஊர் கரிக்கும் ஏற்ற மாதிரி இங்கேயே செய்து பொருத்தியதுதான் அவருடைய வேலை.

கரி எப்படிப் பெட்ரோல் வேலையைச் செய்யும்? எனக்கும் முதலில் புரியவில்லை. அறிவியல் சார் விளக்கிய பிறகுதான் புரிந்தது. அடுப்பில் காற்று தாராளமாகப் போனால் கரி முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். அதற்கு மேல் அது எரியாது. ஒரு மூடிய உருளையில் கரியை நிரப்பி, கீழே மட்டும் கொஞ்சமாகக் காற்று விட்டால் கதை வேறு. அடியில் எரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே தணலாகச் சிவந்திருக்கும் கரி வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். கரியில் இருக்கும் ஈரம் அதே தணலில் பட்டு ஹைட்ரஜன் தரும். இந்த இரண்டும் எரியும் வாயுக்கள். இதைத்தான் பாடத்தில் உற்பத்தி வாயு என்கிறோம். தூசியை வடிகட்டி, குழாயில் ஆற வைத்து, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் ஆவி செய்கிற வேலையை அது செய்யும்.

பெட்ரோல் அளவுக்குப் பலம் வருமா என்றால், வராது. உள்ளே போகிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தானே, அது எரியவே எரியாது. அதனால் வருகிற வாயுவில் சுமார் பாதி சும்மா இருக்கிற நைட்ரஜன். இன்ஜினின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பதில் சுமார் 3 கிலோ காய்ந்த விறகு வேண்டும். கரியாக இருந்தால் அதில் ஏறக்குறைய பாதி போதும். ஆனால் அந்தக் கரியைச் சுடுவதற்கு எவ்வளவு மரம் வெட்டியிருப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஏன் நேராக விறகையே போடவில்லை? விறகில் தார் இருக்கிறது. அது இன்ஜினுக்குள் போய் வால்வில் ஒட்டிக்கொள்ளும். கரியில் தார் ஏற்கெனவே போய்விட்டது. அதனால்தான் நம்ம பக்கத்து பஸ்களில் எல்லாம் மரக்கரி. ஜனங்கள் வைத்த பெயரும் கரி பஸ்தான்.

எங்க பாட்டியின் அப்பா அப்படி ஒரு கரி பஸ்ஸில் போயிருக்கிறார். யாருடைய பஸ் என்று பாட்டிக்குத் தெரியாது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளை இருக்குமாம். விடிகாலையில் கிளீனர் எழுந்து, கரி போட்டு, நெருப்பு வைத்து, கைப்பிடி விசிறியைச் சுத்து சுத்து என்று சுத்த வேண்டும். தணல் பிடித்து நல்ல வாயு வந்த பிறகுதான் வண்டி கிளம்பும். மேலுமலை ஏத்தம் வந்தால் ஆம்பளைங்க எல்லாரும் இறங்கித் தள்ளுவார்களாம். டிக்கெட் காசும் கொடுத்து, வண்டியையும் தள்ளினோம் என்று அவர் கடைசிவரை சொல்லிச் சிரிப்பாராம்.

எனக்கு அந்தக் கிளீனர்களைப் பற்றித்தான் அதிகமாகத் தோன்றியது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தினமும் விடிகாலையில் அந்த உருளைப் பக்கத்தில் நின்றவர்களுக்கு எத்தனை நாள் தலைவலியும் மயக்கமும் வந்திருக்கும்! பெரிய மனிதர்கள் வரலாற்றில் அவர்கள் பெயர் வருவதில்லை. பஸ் ஓடியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அது டயரும் கிடைக்காத காலம். தேய்ந்த டயருக்கு மறுபடியும் ரப்பர் போடும் தொழிற்சாலையையும் சுந்தரம் ஐயங்கார் ஆரம்பித்தார். 1945-ல் போர் முடிந்து, பெட்ரோல் தாராளமாக வந்ததும் கரி பஸ்கள் மறைந்துபோயின. கை கரியாகாமல் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும் என்றால் யார்தான் விசிறி சுத்துவார்கள்? அதைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் தொழிலைப் பார்த்துக்கொள்ள, அவர் 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் 78-வது வயதில் காலமானார். ஓசூர் தொழிற்சாலையை அவர் பார்க்கவே இல்லை. அங்கே செய்த டி.வி.எஸ். 50 வண்டி ரோட்டுக்கு வந்தது 1980-ல். அப்போது நம்ம பகுதி தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது.

அவர் செய்த சாதனம் மறைந்தாலும் அந்த முறை சாகவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களில் இதை மறுபடியும் கையில் எடுத்தார்கள். இந்தத் தடவை விறகையே போட்டு, தார் வராத மாதிரி உலையை மாற்றினார்கள். தும்கூர் மாவட்டத்தில் ஹோசஹள்ளி என்ற சின்ன ஊருக்கு 1988-ல் இந்த வாயுவிலிருந்து கரண்ட் எடுத்து விளக்கு போட்டார்கள். நம்ம தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சியில் 2003-ல் 9 கிலோவாட் உலை வைத்துக் குடிதண்ணீர் மோட்டாரை ஓட்டினார்கள். பட்டுக்கூடு வேகவைக்கிற அடுப்புக்குக்கூட டெரி நிறுவனம் 1990-களில் இதே முறையைக் கொண்டுவந்தது. பட்டுக்கூடு என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு வீடு ஞாபகம் வந்திருக்கும்.

எங்க வீட்டிலும் மல்பெரித் தோட்டம் இருக்கிறது. புழுவுக்கு இலை போட்டது போக மிச்சமாகும் குச்சிதான் எங்க அடுப்புக்கு. சிலிண்டர் இருக்கிறது, ஆனால் அது டீக்கும் விருந்தாளிக்கும் மட்டும். சோறும் களியும் குச்சி அடுப்பில்தான். அம்மா இருமிக்கொண்டே ஊதுவார்கள். அந்தப் புகை என்ன என்று சாரிடம் கேட்டேன். எரிய வேண்டிய வாயுவும் தாரும் எரியாமல் தப்பித்துப் போவதுதான் புகையாம். அப்படியென்றால் அம்மா கண்ணில் போவது எங்க விறகின் ஒரு பங்கு. சுந்தரம் ஐயங்கார் உருளைக்குள் பிடித்து வைத்ததும் அது மாதிரி ஒன்றைத்தான். மாங்கொட்டை, கொட்டாங்குச்சி, மல்பெரிக் குச்சி என்று நம்ம ஒன்றியத்தில் சும்மா கிடப்பதை எண்ணிப் பாருங்கள். கடலைத் தோல், உமி மாதிரி லேசான பொருளை அப்படியே போட்டால் உலை அடைத்துக்கொள்ளும். அதைக் கட்டியாக அழுத்திப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு மாதிரி உலை வேண்டும் என்று சார் சொன்னார்.

அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு பழைய டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, புகையையே எரிக்கிற சின்ன அடுப்பு செய்யப்போகிறோம். சார் கூட இருக்கும்போது, திறந்த மைதானத்தில் மட்டும்தான் பற்ற வைப்போம். காரணம் மேலே எழுதியிருக்கிறேன், யாரும் வீட்டுக்குள் செய்து பார்க்காதீர்கள். காய்ந்த மல்பெரிக் குச்சி ஒரு கூடை நான் கொண்டுவருகிறேன். மாங்கொட்டை காய வைத்திருப்பவர்கள் ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தால், எது அதிக நேரம் எரிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம்.

(பக்கத்துப் படம்: 1. கரி உருளை 2. காற்று போகும் வழி 3. வடிகட்டி 4. ஆற வைக்கும் குழாய் 5. இன்ஜின். சிவப்பு ஸ்கெட்ச் தீர்ந்துவிட்டதால் தணல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது.)

— ஒன்பதாம் வகுப்பு மாணவி