கியூபாவின் மார்த்தி

மேற்கிந்தியத் தீவுகளுள் மிகப் பெரியது கியூபா. இந்தியாவைத் தேடிக் கடலில் புறப்பட்ட கொலம்பஸ் 1492-இல் அங்கே கால் வைத்தார். விரைவில் ஸ்பெயின் அத்தீவைத் தனதாக்கிக் கொண்டது. மண்ணின் மைந்தர்களுள் பெரும்பாலோர் நோயாலும் கொடுமையாலும் மடிந்தனர். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். சர்க்கரை இனித்தது, அதை விளைத்தவர்களின் வாழ்வு கசந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் அமெரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகத் தளையை அறுத்தன. அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயினிடம் எஞ்சியவை கியூபாவும் புவேர்ட்டோ ரிக்கோவுமே.

அந்தக் கியூபாவின் தலைநகரான ஹவானாவில், 1853 ஜனவரி 28-ஆம் நாள் ஹொசே மார்த்தி பிறந்தார். பெற்றோர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், ஏழைகள். மகனை மேலே படிக்க வைத்தவர் மெந்திவே என்னும் ஆசிரியர். கவிஞரான அவரிடம் மார்த்தி பாடத்தோடு நாட்டுப் பற்றையும் கற்றார்.

1868 அக்டோபர் 10-இல் செஸ்பெடஸ் என்ற தோட்ட முதலாளி தம் அடிமைகளை விடுவித்து விடுதலைப் போரைத் தொடங்கினார். மறு ஆண்டு, மார்த்தியின் நண்பர் வீட்டைச் சோதித்த படையினரிடம் ஒரு கடிதம் சிக்கியது. ஸ்பெயினின் படையில் சேர்ந்துவிட்ட பள்ளித் தோழன் ஒருவனை இடித்துரைக்கும் கடிதம் அது. அதில் நண்பர் இருவரும் கையொப்பமிட்டிருந்தனர். வழக்கு மன்றத்தில் மார்த்தி முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றார். ஒரு கடிதத்திற்குக் கிடைத்த தண்டனை ஆறாண்டுக் கடுங்காவல்! அப்போது அவருக்கு வயது 17.

சுண்ணாம்புக் கல் குழியில் வேலை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரும்புச் சங்கிலி. கொதிக்கும் வெயில். பன்னிரண்டு வயதுச் சிறுவனும் தள்ளாத முதியவரும் அங்கே அடிபடுவதை அவர் கண்டார். சில மாதங்களுக்குப் பின் தண்டனை தளர்த்தப்பட்டு, 1871-இல் ஸ்பெயினுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே அவர் அஞ்சி ஒடுங்கவில்லை. சிறைக் கொடுமையை ஒரு நூலாக எழுதி, ஆள்வோரின் நாட்டிலேயே வெளியிட்டார். ஆட்சியை வெறுத்தாரே அன்றி ஸ்பெயின் மக்களை வெறுக்கவில்லை. அங்கேயே சட்டமும் தத்துவமும் பயின்றார்.

மெக்சிகோ, குவாத்தமாலா எனப் பல நாடுகளில் அலைந்து, 1880-இல் நியூயார்க் சேர்ந்தார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அதுவே அவர் இருப்பிடம். இதழ்களுக்கு எழுதினார், மொழிபெயர்த்தார், கவிதை புனைந்தார், மாலை வேளைகளில் கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கல்வி புகட்டினார்.

1884-இல் ஒரு சோதனை வந்தது. பழைய போரின் பெருந்தளபதிகளான கோமெஸும் மாசியோவும் புதிய போருக்குத் திட்டமிட்டனர். அதிகாரம் முழுவதையும் தளபதியே வைத்துக்கொள்ளும் போக்கை மார்த்தி கண்டார். ஒரு நாட்டைப் படை முகாம் போல ஆள முடியாது என்று கோமெஸுக்கு எழுதிவிட்டு விலகினார். விடுதலையையே மூச்சாகக் கொண்டவர் விடுதலை முயற்சியிலிருந்து விலகுவதா என்று பலர் தூற்றினர். அவர் பொறுத்துக் கொண்டார். வாளேந்தியவரே நாளை மன்னராகிவிட்டால், வெளியேறிய அன்னியனுக்கும் அவருக்கும் வேறுபாடு என்ன?

1892-இல் கியூபப் புரட்சிக் கட்சி பிறந்தது. கியூபாவின் விடுதலையோடு புவேர்ட்டோ ரிக்கோவின் விடுதலைக்குத் துணை நிற்பதையும் அது குறிக்கோளாகக் கொண்டது. அதன் தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிளோரிடாவின் சுருட்டுத் தொழிலாளர்கள் தம் கூலியில் ஒரு பகுதியைக் கட்சிக்குக் கொடுத்தனர். விலகி நின்ற கோமெஸையே மார்த்தி தேடிச் சென்று படைத்தலைமை ஏற்குமாறு வேண்டினார். மனத்தாங்கலை இருவரும் மறந்தனர்.

1895 ஜனவரியில், படைக்கலங்களோடு புறப்படவிருந்த மூன்று கப்பல்கள் அமெரிக்க அதிகாரிகளிடம் சிக்கின. ஆயினும் பிப்ரவரி 24-இல் போர் மூண்டது. ஏப்ரல் 11 இரவு, கோமெஸும் மார்த்தியும் உள்ளிட்ட அறுவர் ஒரு சிறு படகில் கியூபாவின் கரையேறினர். மே 19-இல் தோஸ் ரியோஸ் என்னுமிடத்தில் சண்டை. பின்னால் இருக்குமாறு கோமெஸ் சொல்லியும் கேளாமல் மார்த்தி குதிரையை முன்னே செலுத்தினார். குண்டு பட்டு வீழ்ந்தார். வயது 42.

அதற்கு முதல் நாள் மெக்சிகோ நண்பர் ஒருவருக்கு அவர் எழுதத் தொடங்கிய கடிதம் முடிவு பெறவே இல்லை. கியூபா விடுதலை பெற்றால்தான் அமெரிக்க ஐக்கிய நாடு அத்தீவுகளின் மேல் படர்வதைத் தடுக்க முடியும் என்ற கவலையே அதில் நிறைந்திருந்தது. அந்தோ, அவர் அஞ்சியதே நடந்தது! 1898-இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போரிட்டு வென்றது. பாரிசில் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, மூன்றாண்டு போராடிய கியூபருக்கு அங்கே இடமில்லை. 1902-இல் கியூபாவின் கொடி ஏறியது. ஆனால் அந்நாட்டில் தலையிடும் உரிமையை அமெரிக்கா 1934 வரை சட்டமாகவே வைத்திருந்தது. புவேர்ட்டோ ரிக்கோ இன்றும் அமெரிக்காவின் ஆட்சிப் பகுதியே. அத்தீவில் வாழ்வோர் அமெரிக்கக் குடிமக்கள். ஆயினும் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை.

இன்று கியூபாவை ஆள்வோரும் மார்த்தியின் பெயரைச் சொல்கின்றனர். அவர்களை எதிர்த்து வெளியேறியோரும் அதே பெயரைச் சொல்கின்றனர். பெயரைச் சொல்வது எளிது. தோழர்களே, 1884-இல் நண்பர்களை இழக்க நேர்ந்தபோதும் அவர் கேட்ட கேள்வியை நம்மவரிடமே கேட்பதுதான் கடினம். அன்னியன் போனபின் ஆளப்போவது யார், எந்த முறையில்? விடுதலை பெற்ற ஒவ்வொரு நாட்டிலும் அந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது.